கதிரையில் இருந்தபடி ஒரு நடை

ஒரு குடும்பச் சஞ்சிகையில் துவக்குச் சூட்டு கொம்பியூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் முதலில் எழுந்தது இதே கேள்விதான். ஆனாலும் மூன்றாம் மாடியில் அடைபட்டுக் கிடந்த ஒரு மனிதரின் கதையை முழுவதும் வாசித்துவிட்டு, அதன் பிறகு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

என் மூத்த சகோதரர் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தட்டில் வசிக்கிறார். லிஃப்ட் கிடையாது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதியவர். பஸ்ஸுக்குக் காசு இருந்தாலும் நடந்தே போய் நடந்தே வருவார். இருபது வருடங்களுக்கு மேலாக நீரிழிவு. பாதத்தில் வந்த ஒரு சிறு புண் ஆறவில்லை. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. அதன் பின்பு கிளினிக் நாட்களில் மட்டும் நான்கு பேர் கதிரையோடு தூக்கிக் கீழே இறக்குவார்கள். மற்ற நாட்களில் அவருடைய உலகம் ஒரு யன்னலும் ஒரு தொலைக்காட்சியும்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். இருந்தால், நான் சொல்லப் போவது உங்களுக்கு விளங்கும். கால் போன வலியைவிட, "நீங்க எழும்ப வேணாம், நான் எடுத்துத் தாறன்" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பதுதான் அப்படிப்பட்ட மனிதரை அதிகம் வாட்டுகிறது. நானா பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டையும் குறைத்தார். மதினி எனக்கு இரவில் ஃபோன் எடுத்து, "அவர் யன்னலையே பாத்துக்கிட்டு ஈக்கிறார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்.

இரண்டு டிஸ்கட் விளையாட்டு

எனக்கும் நானாவுக்கும் ஒரு பழைய சொத்து இருக்கிறது. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'டூம்' என்ற விளையாட்டு, இரண்டொரு வருடங்களில் டிஸ்கட்டுகளில் ஏறிக் கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. முதற் பாகத்தை இலவசமாகப் பிரதி செய்து கொடுக்கலாம் என்று தயாரித்தவர்களே அனுமதித்திருந்தார்கள். எங்களிடம் யாரோ விற்ற ஒரு 486 கொம்பியூட்டர் இருந்தது. ஒரு விசைப்பலகை, இரண்டு பேர். நடக்கும் விசைகள் நானாவின் கையில். கதவைத் திறக்கும் விசையும் சுடும் விசையும் என் கையில். 1996ஆம் ஆண்டு வரட்சியால் நீண்ட மின்வெட்டு வந்தபோது, கரண்ட் வரும் நேரத்தைக் கணக்கிட்டு விளையாடியது இன்றும் நினைவிருக்கிறது. நானா நடப்பார், நான் கதவைத் திறப்பேன். அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

நான் இப்போது வெள்ளவத்தையில் குடியிருக்கிறேன். கொம்பியூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். 2023 நவம்பரில் நானாவின் மருமகன் கட்டாரிலிருந்து வந்தபோது, தான் புதிய வீ.ஆர். கண்ணாடி வாங்கிவிட்டதாகவும் பழையது சும்மா கிடப்பதாகவும் சொல்லி ஒரு 'குவெஸ்ட் 2' கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கையில் எடுத்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது டூம்தான்.

வீ.ஆர். என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தலையில் மாட்டும் கண்ணாடிக்குள் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் தெரியும். இரண்டும் சற்றே வேறுபடுவதால் ஆழம் தெரிகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. இது நேற்று வந்த யோசனை அல்ல. 1995ஆம் ஆண்டிலேயே 'வீஎஃப்எக்ஸ் 1' என்ற தலைக்கவசம் கடைக்கு வந்தது. அதில் டூமையும் விளையாடலாம். படம் தெளிவில்லை, விலை அதிகம், எனவே நிலைக்கவில்லை. 2012ஆம் ஆண்டு பாமர் லக்கி என்ற இளைஞர் செய்த மாதிரிக் கண்ணாடியை, டூமை எழுதியவர்களில் ஒருவரான ஜோன் கார்மாக் 'டூம் 3' விளையாட்டை வைத்தே உலகத்துக்குக் காட்டினார். ஆக, இந்தப் பழைய விளையாட்டுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் உள்ள உறவு ஆரம்பத்திலிருந்தே இருப்பது.

பழையது ஏன் நல்லது?

புதிய விளையாட்டுகள் இருக்கும்போது ஏன் பழையதைத் தேட வேண்டும்? காரணம் எளிமையானது. வீ.ஆர். கண்ணாடிக்கு ஒரு வினாடிக்கு 72 முதல் 90 படங்கள் வேண்டும், அதுவும் இரண்டு கண்களுக்கும். 90 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கொம்பியூட்டருக்குக் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 11 பங்குதான். அதற்குள் படம் வரைந்து முடியாவிட்டால் உலகம் நடுங்கும், வயிற்றைப் புரட்டும். புதிய விளையாட்டை அந்த வேகத்தில் ஓட்ட விலையுயர்ந்த இயந்திரம் தேவை. பழைய விளையாட்டோ 486இல் ஓடியது. என்னிடம் இருந்த, 2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டு பூட்டிய பழைய கொம்பியூட்டரே அதற்குத் தாராளம். 2022ஆம் ஆண்டு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைக் கண்ட நமக்கு இது சிறிய விடயமா?

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. டூமின் மூலநிரலை 1997 டிசம்பரிலும், அதன் தம்பியான 'குவேக்' விளையாட்டின் நிரலை 1999 டிசம்பரிலும் தயாரித்தவர்களே பகிரங்கமாக வெளியிட்டுவிட்டார்கள். கட்டிய வீட்டின் வரைபடத்தை ஊருக்கே கொடுத்ததைப் போல. அதனால்தான் பல நாடுகளில் உள்ள ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் அவற்றை வீ.ஆருக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள்.

மாற்ற வேண்டியவை

ஆனால் கண்ணாடியை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கண்ணாடித் திரையில் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட உலகம் அது. மனிதன் உள்ளே நிற்பதற்கு அதில் பல திருத்தங்கள் தேவை.

முதலாவது, தலையை யாரும் ஆட்டக்கூடாது. பழைய விளையாட்டுகளில் ஓடும்போது காட்சி மேலும் கீழும் ஆடும். பக்கவாட்டில் நகர்ந்தால் சரியும். அடி பட்டால் குலுங்கும். திரையில் அது அழகு. கண்ணாடிக்குள் அது, வேறொருவர் உங்கள் தலையைப் பிடித்து உலுக்குவது போல. இந்த அளவுகள் அனைத்தையும் பூச்சியமாக்கினேன்.

இரண்டாவது, பார்வையையும் துவக்கையும் பிரிக்க வேண்டும். பழைய முறையில் பார்க்கும் இடத்தையே துவக்கும் பார்க்கும். வீ.ஆரில் தலை ஒரு பக்கம் பார்க்கும், கை இன்னொரு பக்கம் நீட்டும். ஆகவே திரையின் நடுவில் ஒட்டியிருக்கும் குறிச் சின்னத்தை நீக்கி, கையிலிருந்து புறப்படும் மெல்லிய ஒளிக்கோட்டை வைத்தேன். மூலையில் இருக்கும் எண்களைக் கண் எட்டிப் பிடிக்க முடியாது என்பதால், அவற்றை முகத்துக்கு நேரே, சற்றுக் கீழே, தூரத்தில் வைத்தேன்.

மூன்றாவது, திரும்பும் விதம். நின்று விளையாடுபவர் உடலோடு திரும்பலாம். கதிரையில் இருப்பவர் விரலால்தான் திரும்ப வேண்டும். மெதுவாகச் சுழன்றால் தலை சுற்றும். எனவே ஒரு தட்டலுக்கு 30 பாகை வெட்டித் திரும்பும்படி அமைத்தேன். ஓடும் வேகத்தையும் பாதியாகக் குறைத்தேன். டூமில் வரும் வீரன் மனிதன் ஓடும் வேகத்தில் ஓடுபவனல்ல!

நான்காவது, கண்களின் இடைவெளி. பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீற்றர். அந்தக் கண்ணாடியில் 58, 63, 68 என்று மூன்று நிலைகள் உண்டு. மதினியின் தையல் அளவுநாடாவை எடுத்து நானாவின் கண்மணிகளுக்கு இடையே அளந்தேன். 64. நடு நிலையில் வைத்தேன்.

ஐந்தாவதுதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. உயரம். டூமின் கணக்கில் வீரனின் உயரம் 56 அலகு, அவன் கண் இருப்பது 41ஆவது அலகில். கதிரையில் இருப்பவரின் உண்மையான உயரத்தைக் கண்ணாடி அப்படியே எடுத்துக் கொண்டால், கதவுகள் எல்லாம் கோட்டை வாசல்களாகத் தெரியும். ஒரு சிறு பிள்ளையைப் போல அண்ணாந்து பார்த்தபடி போக வேண்டும். நானா கதிரையில் இருக்கும்போது கண்ணின் உயரம் நான்கு அடிக்கும் சற்றுக் குறைவு. அவர் நின்ற காலத்தில் அது ஐந்தேகால் அடி. அந்த வித்தியாசத்தை, ஏறக்குறைய 40 சென்ரிமீற்றரை, அமைப்பில் கூட்டிவிட்டேன்.

கொட்டாஞ்சேனைக்கு ஒரு பயணம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொம்பியூட்டரை மடியில் வைத்துக் கொண்டு முச்சக்கர வண்டியில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வயரைக் கதிரையின் பின்பக்கம் கட்டினேன். கைப்பிடியுள்ள, சில்லு இல்லாத கதிரை. முன்னால் ஒரு மேசை மின்விசிறி. காற்று ஒரே திசையிலிருந்து முகத்தில் பட்டால் தான் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறோம் என்று உடலுக்குத் தெரிந்து கொண்டே இருக்கும்.

நானா கண்ணாடியை மாட்டிக் கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்.

"தம்பி, தரை தூரமா ஈக்கி," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, நிற்கும் மனிதனின் உயரத்திலிருந்து ஒரு தரையைப் பார்க்கிறார். சுட வேண்டிய பூதம் எதிரே நிற்கிறது. அவரோ அதைப் பார்க்காமல் அந்த மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். அந்தப் பூதங்கள் வெறும் தட்டைப் படங்கள்; கண்ணாடிக்குள் அட்டையில் வெட்டிய பொம்மைகளைப் போலத் தெரியும். "இதுகளுக்கா அன்டைக்குப் பயந்தோம்?" என்று சிரித்தார். மதினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்ததோ!

மயக்கமும் சீனியும்

இந்த இடத்தை வாசகர்கள் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். கண் 'நடக்கிறாய்' என்று சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'இருக்கிறாய்' என்று சொல்லும். இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. நுவரெலியா பாதையில் வளைவுகளில் பஸ் ஏறும்போது புத்தகம் வாசித்தால் வருமே, அதே சண்டை, பக்கம்தான் மாறியிருக்கிறது. ஆகவே முதல் நாள் ஐந்து நிமிடம், அடுத்த நாள் ஏழு நிமிடம் என்றே போனோம். குமட்டல் தொடங்கினால் பொறுத்துக் கொண்டு தொடர்வது வீரமல்ல. உடனே கழற்ற வேண்டும். உடல் மெல்ல மெல்லத்தான் பழகும்.

ஆனால் நீரிழிவுக்காரருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. குளிர்ந்த வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, குமட்டல்: கண்ணாடியால் வரும் மயக்கத்தின் அடையாளங்களும், இரத்தத்தில் சீனி குறைந்தால் வரும் அடையாளங்களும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றை மற்றதென்று எண்ணி, 'கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்' என்று விட்டால் என்னவாகும்? எனவே ஆரம்பிக்கும் முன்பே வைத்தியரிடம் கேட்டோம். கண் வைத்தியரிடமும் கேட்டோம். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்கு முன் விரலில் குத்திப் பார்ப்பது என்று மதினி சட்டம் போட்டார். வியர்த்தால் மறுபடியும் பார்ப்பது.

மூன்றாம் வாரத்தில் அந்தச் சட்டம் வேலை செய்தது. விளையாடி எட்டு நிமிடம்கூட இல்லை, நானாவின் நெற்றி வியர்த்தது, கை நடுங்கியது. கண்ணாடியைக் கழற்றியதும் மதினி மீட்டரை வைத்தார். 61. 70க்குக் கீழே போனால் குறைவு. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தோம். 94. அன்று பகல் அவர் சோற்றைத் தொட்டதும் தொடாததுமாக எழுப்பிவிட்டிருந்தது அதன் பிறகுதான் தெரிய வந்தது. 'விளையாட வேண்டுமா, முதலில் சாப்பிடுங்கள்' என்பது அன்றிலிருந்து இரண்டாவது சட்டம். சாப்பாட்டைக் குறைத்த மனிதர் சாப்பிடத் தொடங்கிய கதை இதுதான்.

சத்தம்

கொட்டாஞ்சேனைச் சுவர்கள் மெல்லியவை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது நானாவின் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. அன்று நாடெங்கும் 260க்கும் அதிகமான உயிர்கள் போயின. அடுத்த வீட்டில் இருப்பவர்கள் அந்த ஆலயத்துக்குப் போகும் குடும்பம். அப்படிப்பட்ட இடத்தில், நமது வீட்டிலிருந்து துவக்குச் சத்தம் கேட்கலாமா? விளையாட்டுத்தான் என்று நாம் சொல்லலாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது விளையாட்டாகக் கேட்காது. ஆகவே வெளியே சத்தம் வராதபடி காதுக்குள் வைக்கும் ஒலிவாங்கியல்ல, ஒலி கேட்கும் 'இயர்ஃபோன்' பூட்டியே எப்போதும் விளையாடுவது என்று முதல் நாளே முடிவு செய்தோம். அயலவரிடமும் விடயத்தைச் சொல்லி வைத்தோம். அந்த வீட்டு அன்டி ஒரு நாள் வந்து, கண்ணாடிக்குள் இருந்த நானாவைப் பார்த்துவிட்டு, "நடக்கிறாரா? நல்லா நடக்கட்டும்" என்று சொல்லிப் போனார்.

ஒரு தகரப் பேணி

2024இன் தொடக்கத்தில் 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டுக்கு வந்தோம். 2004இல் வெளிவந்தது. ஆர்வலர் குழு ஒன்று அதை வீ.ஆருக்கு மாற்றி 2022 செப்டெம்பரில் இலவசமாக வெளியிட்டது. மூல விளையாட்டை மட்டும் வாங்கியிருக்க வேண்டும். இது டூமைவிடப் பாரமானது. எனவே வினாடிக்கு 72 படம் என்று இறக்கி, படத்தின் கூர்மையையும் சற்றுக் குறைத்தேன். தெளிவு குறைந்தாலும் பரவாயில்லை, நடுக்கம் கூடாது என்பதே விதி.

அந்த விளையாட்டு ஒரு ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. கையில் துவக்கு இல்லை. முகமூடி அணிந்த காவலர்கள், கம்பித் தடுப்புகள், வரிசையாக நிற்கும் சனங்கள். ஒரு காவலன் வழியை மறித்து, ஒரு தகரப் பேணியைத் தட்டி நிலத்தில் விழுத்தி, அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடு என்கிறான்.

திரையில் நானும் அந்தக் காட்சியைப் பல தடவை கண்டவன். சிரித்தபடி பேணியைக் காவலன் மேலேயே எறிபவர்கள் உண்டு. நானா எறியவில்லை. அவருடைய இடது கை தன்னை அறியாமல் சட்டைப் பையைத் தடவியது. என்ன தேடுகிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. அடையாள அட்டை! தொண்ணூறுகளில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நாம் அனைவரும் தடவிய அதே பை. காவலன் அவர் கண்ணுக்கு நேரே, அவர் உயரத்தில் நிற்கிறான். நானா பேணியை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இது விளையாட்டில்ல," என்றார். பிறகு தன் மகனின் மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, அந்த நாட்களின் கதையை முதல் முறையாகச் சொன்னார். நானும் கேட்டுக் கொண்டிருந்தேன். எனக்கே தெரியாத பல விடயங்கள் அதில் இருந்தன.

அந்தப் பேரனுக்கு வயது 11. கண்ணாடியைத் தா என்று அழுதான். இந்தக் கண்ணாடிக்கு முதலில் 13 வயதென்றே நிறுவனம் வரையறுத்திருந்தது. 2023இல் பெற்றோர் மேற்பார்வையில் 10 வயதென்று இறக்கினார்கள். ஆனால் இந்த விளையாட்டுகள் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று முத்திரையிடப்பட்டவை. கண்ணாடிக்கு வயது வந்தாலும் துவக்குக்கு வயது வரவில்லை என்று நானா சொல்லிவிட்டார். பெற்றோர்களே, திரையில் பார்க்கும் துவக்கும் கண்ணாடிக்குள் கையில் பிடிக்கும் துவக்கும் ஒன்றல்ல. பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள்.

இன்னும் இருக்கும் படிகள்

ஒரு நாள் நானா கேட்டார்: "நடக்கக்குள்ள இல்லாத காலுட வெரலும் குறுகுறுக்குதே, ஏன்?" அகற்றிய உறுப்பு இருப்பதைப் போன்ற உணர்வு பலருக்கும் வருவதுண்டு என்று வைத்தியர் விளக்கினார். அந்தப் பேச்சிலிருந்துதான் செயற்கைக் கால் பற்றிய பேச்சும் வந்தது. அதுவரை அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக் கொண்டவர், அன்று "எங்க அளவெடுக்கிற?" என்று கேட்டார். கொழும்பில் ஃபிரண்ட் இன் நீட் சங்கம் 1985ஆம் ஆண்டு முதல் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுத்து வருகிறது என்பதைப் பலர் அறியாதிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குத் தேவையென்றால் சொல்லி வையுங்கள்.

விளையாட்டுத்தான் அவரை எழுப்பியது என்று நான் சொல்ல மாட்டேன். மதினியின் பொறுமையும், வைத்தியரின் கவனிப்பும், காலமும் சேர்ந்துதான் எழுப்பின. ஆனால் நடப்பது என்றால் எப்படி இருக்கும் என்பதை அவர் மறந்து போகாமல் இருக்க அந்தப் பழைய மண்டபங்கள் உதவின. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டில் அடைபட்டிருப்பவருக்குத் துவக்கு விளையாட்டுத்தான் வேண்டும் என்பதில்லை. அவர் ஒரு காலத்தில் எதை விரும்பினார் என்று கேளுங்கள். அது கெரமாக இருக்கலாம், பழைய பாட்டாக இருக்கலாம், காலிமுகத்திடல் காற்றாக இருக்கலாம். அதை அவர் இருக்கும் கதிரையின் உயரத்துக்குக் கொண்டு வர முடியுமா என்று பாருங்கள். எதை மாற்ற வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று பொறுமையாக ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

நானாவின் வீட்டிலிருந்து வீதிக்கு 48 படிகள். புதிய காலோடு இதுவரை 16 படிகள் இறங்கி ஏறியிருக்கிறார். நான் கீழ்ப் படியில் நிற்பேன். கதவைத் திறப்பது இன்றும் என் வேலைதான்.